வாசகர் கேள்வி, டீச்சர் பதில்: செம்மண் பூசிய பெண்ணும் விண்வெளிப் பல்கலைக்கழகமும்

சென்ற இதழில் ‘பின்டி’ என்ற ஆங்கிலக் குறுநாவலைப் பற்றி எழுதினேன். இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அதைப் பற்றியவையே. வாசிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

நைஜீரியப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த நெடி ஒகோராஃபோர் எழுதிய இந்நூல் 2015ல் வெளிவந்தது. பின்டி, ஹிம்பா இனத்துப் பெண். வயது 16. கணிதத்தில் அபாரமான திறமை. வேற்றுக் கிரகத்தில் இருக்கும் ஊம்ஸா பல்கலைக்கழகத்தில் அவளுக்கு இடம் கிடைக்கிறது; அவளுடைய இனத்தில் அந்த இடத்தைப் பெற்ற முதல் ஆள் அவள்தான். வீட்டார் விடமாட்டார்கள் என்று தெரிந்து யாருக்கும் சொல்லாமல் புறப்படுகிறாள். வழியில் மெடூஸ் என்னும் ஜெல்லிமீன் போன்ற உயிரினத்தார் விண்கப்பலைத் தாக்குகிறார்கள். பின்டியும் கப்பலை ஓட்டுபவரும் மட்டுமே உயிர் பிழைக்கிறார்கள். மெடூஸ் தலைவனின் கொடுக்கு அறுக்கப்பட்டு, ஊம்ஸாவின் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருக்கிறது; அதை மீட்கவே அவர்கள் வருகிறார்கள். இரு தரப்புக்கும் நடுவில் நின்று பேசும் பொறுப்பு இந்தச் சிறுமியின் தலையில் விழுகிறது.

இனிக் கடிதங்கள்.

என் மகள் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறாள். நீங்கள் எழுதியதைப் பார்த்து அந்தப் புத்தகத்தை யாரிடமோ வாங்கி வந்து விடிய விடிய வாசித்தாள். எனக்கு ஆங்கிலம் வராது. கதையைச் சொல் என்றேன். இரவோடு இரவாக வீட்டை விட்டுப் போகிற பெண்ணின் கதை என்றாள். மலையில் கொழுந்து பறித்துப் பிள்ளையைப் படிக்கவைக்கிறோம். இப்படிப்பட்ட கதைகளை ஏன் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறீர்கள், டீச்சர்?
— ஒரு தாய், தலவாக்கலை

உங்கள் கோபம் நியாயமானது, அம்மா. பொத்தாம்பொதுவாகப் பதில் சொல்லித் தப்பிக்க மாட்டேன்.

பின்டி சொல்லாமல் போனதை அந்த நாவல் கொண்டாடவில்லை. அவளுடைய அப்பா, நட்சத்திரங்களையும் மனிதர்களின் வாழ்க்கை விவரங்களையும் காட்டும் ‘அஸ்ட்ரோலேப்’ என்னும் கருவியைச் செய்வதில் பெயர்பெற்றவர். அவருக்குப் பிறகு அந்தக் கடையை இவள்தான் நடத்த வேண்டும் என்று குடும்பமே எதிர்பார்க்கிறது. அந்த எதிர்பார்ப்பை மிதித்துவிட்டு வந்தோம் என்ற குற்றவுணர்வு கப்பலில் அவளைத் தூங்கவிடுவதில்லை. வீட்டில் ஒருவராவது ‘நீ என்ன நினைக்கிறாய்?’ என்று கேட்டிருந்தால் அவள் பகலில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போயிருப்பாள். கேட்க ஆள் இல்லாத வீட்டிலிருந்துதான் பிள்ளை இரவில் புறப்படுகிறது. நீங்கள் ‘கதையைச் சொல்’ என்று கேட்டீர்கள், மகள் ஒளிக்காமல் சொன்னாள். ஓடிப்போக நினைக்கிற பிள்ளை அந்தக் கதையைத் தாயிடம் சொல்லுமா?

ஆனால் மகள் உங்களிடம் சொல்லாமல் விட்ட ஒரு பகுதி உண்டு. நான் இந்தப் புத்தகத்தைப் பிள்ளைகளிடம் கொடுப்பதே அந்தப் பகுதிக்காகத்தான்.

பின்டி புறப்படும்போது ஒரு சாடியில் மண் எடுத்துப் போகிறாள். ஹிம்பாப் பெண்கள் செம்மண்ணையும் எண்ணெயையும் குழைத்து உடம்பிலும் பின்னலிலும் பூசிக்கொள்வார்கள். ஒட்ஜிசே என்று அதற்குப் பெயர். கப்பலில் இருக்கும் மற்ற மாணவர்களில் பெரும்பாலானோர் கூஷ் என்னும் செல்வாக்குள்ள இனத்தவர். அவர்கள் இதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். கழுவிவிட்டுப் போயிருக்கலாம். கழுவவில்லை. கதையின் திருப்புமுனையும் அந்த மண்ணில்தான் இருக்கிறது. மெடூஸின் காயத்தை ஆற்றுவது ஊம்ஸாவின் அறிவு அல்ல, அவளுடைய ஊர் மண்.

நான் கற்பித்த காலத்தில் நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்ட டிவிஷனிலிருந்து ஒரு பிள்ளை வந்தாள். இணைந்த கணிதத்தில் அவள் போடும் கணக்கைப் பார்ப்பதற்காகவே மற்ற ஆசிரியர்கள் வகுப்புக்கு வருவார்கள். பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானாள். முதல் விடுமுறையில் என்னைப் பார்க்க வந்தபோது, விடுதியில் தன் முகவரியைக் கேட்டால் ‘ஹட்டன்’ என்று மட்டும் சொல்வதாகச் சொன்னாள். தோட்டத்தின் பெயரைச் சொன்னால் அடுத்த கேள்வி ‘லயத்திலா (தொழிலாளர் வரிசை வீட்டிலா) இருக்கிறீர்கள்?’ என்று வருமாம். நன்றாகப் படித்து, நல்ல வேலைக்கும் போனாள். ஆனால் விடுதியில் இருந்த அத்தனை நாளும் தாய் தகப்பன் இருக்கும் இடத்தை நாக்கின் அடியில் ஒளித்து வைத்திருந்தாள். அந்த நேரம் என் கையில் இப்படி ஒரு கதை இருக்கவில்லை. இன்று உங்கள் மகளின் கையில் இருக்கிறது.

முடிவு வந்தால் கடிதம் தோட்டத்து ஒபிசுக்குத்தான் வரும். இணையத்தில் பெறுபேறு பார்க்கலாம் என்றாலும் பல்கலைக்கழகக் கடிதத்துக்குத் தவணை உண்டு; அது மேசையில் கிடந்து பிந்திவிடாமல் நீங்களே போய்க் கேளுங்கள். பகிடிவதையைப் பற்றிய பயம் உங்களுக்கு இருந்தால் அதையும் மகளிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி அது தண்டனைக்குரிய குற்றம் என்பதை அவள் தெரிந்துகொண்டு போகட்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கதையின் கடைசிப் பக்கத்தில் பின்டி தன் வீட்டாரை அழைக்கிறாள். பதில் சொல்வது தாய். அந்தப் பக்கத்தை மகளை வாசிக்கச் சொல்லி வரிக்கு வரி தமிழில் கேளுங்கள்.

ஆஃப்ரோஃபியூச்சரிசம் என்றால் என்ன? கறுப்பின மக்கள் வரும் விண்வெளிக் கதை என்று சொன்னால் போதுமா?
— ஓர் ஆசிரியர், பண்டாரவளை

போதாது. அமெரிக்க விமர்சகர் மார்க் டெரி 1993ல் இந்தச் சொல்லை முன்வைத்தார். கடந்தகாலமே அழிக்கப்பட்ட ஒரு சமூகம் தன் எதிர்காலத்தை எப்படிக் கற்பனை செய்யும் என்பது அவர் எழுப்பிய கேள்வி. அடிமைக் கப்பலில் ஏற்றியபோது பெயர், மொழி, தெய்வம் எல்லாம் பறிக்கப்பட்ட மக்களின் பேரப்பிள்ளைகள் விஞ்ஞானப் புனைகதையைக் கையில் எடுக்கும்போது, அந்த வகைமையின் பழைய சாமான்களே இடம் மாறிவிடுகின்றன. வழக்கமான கதையில் வேற்றுக்கிரகவாசிகள் பூமிக்கு வந்து ஆட்களைக் கடத்திப் போவார்கள். கேட்பவர்களுக்கு அது கற்பனை. கறுப்பின மக்களுக்கு அது வரலாறு. இசையில் சன் ரா, எழுத்தில் சாமுவேல் டிலேனி, ஒக்டேவியா பட்லர் ஆகியோர் அந்தச் சொல் பிறக்கும் முன்பே இதைச் செய்துகொண்டிருந்தார்கள்.

ஒகோராஃபோர் தன் எழுத்தை இந்தப் பெயரால் அழைப்பதை விரும்புவதில்லை. 2019ல் ‘ஆஃப்ரிக்கன்ஃபியூச்சரிசம்’ என்ற வேறு சொல்லை விளக்கி எழுதினார். அமெரிக்காவை நடுவில் வைத்து ஆபிரிக்காவை நினைவுகூர்வது வேறு, ஆபிரிக்காவிலேயே காலூன்றி அங்கிருந்து வானத்தைப் பார்ப்பது வேறு என்பது அவருடைய வாதம். ‘பின்டி’ இரண்டாவது வகை. அதில் அமெரிக்கா இல்லை. நமீபியாவின் பாலைவனத்திலிருந்து நேராக விண்வெளி.

எங்கள் தோட்டம் ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருக்கிறது. வெளிநாட்டுக்காரர்கள் இறங்கி வந்து அம்மாவைக் கொழுந்துக் கூடையோடு நிற்கவைத்துப் படம் எடுப்பார்கள். அம்மா சிரிப்பார். எனக்குக் கோபம் வரும். பின்டியின் பின்னலை வரிசையில் நின்ற பெண் ஒருத்தி தொட்டுப் பார்க்கும் இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். மேலே வாசிக்கலாமா?
— உயர்தர மாணவி, மஸ்கெலியாவைச் சேர்ந்தவள், இப்போது நானுஓயாவில்

வாசி மகள். உன் கோபத்தோடேயே வாசி.

ஹிம்பா மக்கள் கற்பனை இல்லை. நமீபியாவின் வடமேற்கில் குனேனே பகுதியில் மாடும் ஆடும் மேய்த்து வாழ்கிறார்கள். அவர்கள் பூசிக்கொள்ளும் ஒட்ஜிசே செங்காவிக் கல்லின் தூளையும் மாட்டு நெய்யையும் சேர்த்துச் செய்வது. உலகத்தின் பயணச் சஞ்சிகைகளில் அந்தப் பெண்களின் படத்தை நீ பார்த்திருப்பாய். சிவப்பு மண் பூசிய முகம், தடித்த பின்னல், கீழே பெயர் இருக்காது. இலங்கை என்றாலே உலகம் பார்க்கும் படத்தில் நிற்பது உன் அம்மாவும் என் பாட்டியும். தேயிலைப் பெட்டியின்மீதும் அவர்கள்தான். அங்கேயும் பெயர் இருக்காது.

ஒகோராஃபோர் செய்தது இதுதான்: படத்தில் நின்ற பெண்ணை ‘நான்’ என்று பேசவைத்தார். கதை முழுவதும் பின்டியின் வாயால்தான் வருகிறது. வரிசையில் பின்னலைத் தொட்டவளை இப்போது பின்டி பார்க்கிறாள். அவளுடைய விரல்களை, அவள் தன் கூட்டத்தாரிடம் சொல்லும் வார்த்தையை, எல்லாவற்றையும் கவனித்து நமக்குச் சொல்கிறாள். அந்தப் பின்னல் அலங்காரமும் அல்ல. முக்கோண அடுக்குகளாகப் பின்னி, அதில் தன் குடும்பத்தின் வரலாற்றைக் குறியீடாக எழுதி வைத்திருக்கிறாள். தொட்டவளுக்கு அது வாசிக்கத் தெரியாது. வாசிக்கத் தெரியாதவளாக அந்த இடத்தில் நிற்பது யார் என்று யோசித்துப் பார்.

அதே விண்நிலையத்தில் இன்னொரு காட்சி வரும். பாதுகாப்பு அதிகாரி அவளுடைய அஸ்ட்ரோலேபை வாங்கி முழுமையாகப் பரிசோதிப்பார். அவளுடைய வாழ்க்கை முழுவதும் அந்தக் கருவிக்குள் இருக்கிறது. அந்தப் பக்கங்களை வாசித்தபோது எனக்கு என் தாத்தாவின் தகரப்பெட்டி ஞாபகம் வந்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் எங்கள் மக்களை நாடற்றவர்களாக்கிய பிறகு, பிறப்புச் சான்றிதழ், தோட்டத்துத் துண்டு, விண்ணப்பத்தின் பிரதி என்று ஒவ்வொரு கடதாசியையும் அவர் அந்தப் பெட்டியில் சேர்த்துவைத்தார். குடியுரிமை தந்து 2003ல் வந்த சட்டத்தைப் பார்க்க அவர் இருக்கவில்லை.

அம்மா சிரிப்பதைப் பற்றி ஒன்று. அது பணிவு என்று முடிவுகட்டிவிடாதே. ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் படத்தைப் பிடிப்பவர்களைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்று கேள். அவர் சொல்வதை அப்படியே எழுதி இந்தப் பத்திரிகைக்கு அனுப்பு. அம்மாவின் சம்மதத்தோடு.

கப்பலில் இருந்த நண்பர்கள் எல்லோரையும் கொன்றவர்களோடு பின்டி எப்படி நட்பாகிறாள்? இது நம்பும்படியாக இல்லை. கதாசிரியர் அவசரப்பட்டுவிட்டார் என்று நினைக்கிறேன்.
— இளைஞர், ஹப்புத்தளை

பாதிக்கு மேல் உங்களோடு உடன்படுகிறேன். அவள் மனத்துக்குப் பிடித்த ஹேரு என்ற பையன் சாப்பாட்டு மேசையில் அவள் கண்முன்னே செத்து விழுகிறான். புத்தகம் முடிவதற்குள் அதே மெடூஸ் கூட்டத்தைச் சேர்ந்த ஒக்வு அவளுக்குச் சகமாணவன். ஏறத்தாழ நூறு பக்கத்தில் இந்தத் தூரத்தைக் கடக்க முடியாது. இறந்த மாணவர்களின் தாய் தகப்பன்மாரிடம் பல்கலைக்கழகம் என்ன சொன்னது? அந்தக் கேள்விக்கு இந்த நூலில் இடமே இல்லை. இத்தனை இழப்பைக் கண்டு வளர்ந்த நாட்டில் இருந்து வாசிக்கும் நமக்கு இது சிறிய குறை அல்ல.

ஒகோராஃபோர் இதை மறந்துவிடவும் இல்லை. 2017ல் வந்த இரண்டாம் பாகத்தில் பின்டிக்கு அந்தச் சாவுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. மூச்சுமுட்டுகிறது, காரணமில்லாமல் ஆத்திரம் பொங்குகிறது. முதல் பாகம் கொடுக்கத் தவறிய விலையை இரண்டாம் பாகம் கொடுக்கிறது. ஆனாலும் முதல் பாகத்தை மட்டும் வாசிப்பவருக்கு அந்த இடம் பள்ளமாகத்தான் தெரியும்.

மற்றப் பாதிக்கு வருகிறேன். மெடூஸின் கோபத்துக்குக் காரணமான அந்தக் கொடுக்கை மட்டும் இலேசாகக் கடந்துபோகாதீர்கள். பின்டியின் மக்கள் வாழும் நமீபியா, ஒருகாலத்தில் ஜெர்மனியின் காலனியாக இருந்தது. 1904 முதல் 1908 வரை அங்கே ஹெரெரோ, நாமா மக்களை ஜெர்மன் படை இனப்படுகொலை செய்தது. ஹிம்பா, ஹெரெரோவுக்கு நெருங்கிய உறவுக்காரர்கள். கொல்லப்பட்டவர்களின் மண்டையோடுகளை ‘ஆராய்ச்சி’ என்ற பெயரில் பெர்லினுக்கு ஏற்றிப் போனார்கள். அவற்றில் 20 மண்டையோடுகள் 2011ல்தான் ஊர் திரும்பின. 2018ல் இன்னும் சில. ஒரு பல்கலைக்கழகம் ஒரு தலைவனின் உடலுறுப்பைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறது என்று வாசிக்கும்போது எனக்கு இந்த நிஜம்தான் முன்னால் வந்து நின்றது.

நம் மலைக்கும் இதில் ஒரு கதை உண்டு. 1765ல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையைக் கொள்ளையடித்தபோது எடுத்துப்போன பொருள்களில் பொன்னும் மாணிக்கமும் பதித்த சிறு பீரங்கி ஒன்று இருந்தது. ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்தில் நீண்டகாலம் இருந்துவிட்டு, மேலும் ஐந்து பொருள்களோடு 2023ல்தான் அது இலங்கைக்குத் திரும்பியது. பீரங்கி உலோகம், கொடுக்கு ஓர் உயிரின் அங்கம். திருப்பிக் கேட்க வந்தவர்கள் எடுத்த வழி கொடூரம். ஆனால் ஊம்ஸாவின் பேராசிரியர்கள் மேசைக்கு எதிரே உட்கார்ந்து அந்தப் பெண் சொல்வதைக் கேட்டு, தங்கள் பக்கத்துத் தவறை ஏற்று, பொருளைத் திருப்பிக் கொடுக்கிறார்களே, அந்தப் பக்கங்களை நான் மறுபடியும் மறுபடியும் வாசிப்பேன். பெரிய நிறுவனம் ஒன்று, வந்து சில மணிநேரமே ஆன மாணவி ஒருத்தியின் பேச்சைக் கேட்டு மனம் மாறுவது, விண்கப்பலைவிடப் பெரிய கற்பனை என்று நீங்கள் சொல்லலாம். நான் அதை ஒரு கோரிக்கையாக வாசிக்கிறேன்.

இந்த எழுத்தாளர் விஞ்ஞானம் படித்தவரா?
— வாசகர், நாவலப்பிட்டி

ஆங்கில இலக்கியத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். இளமையில் டென்னிஸ் வீராங்கனை. முதுகெலும்பு வளைவுக்காக 19 வயதில் செய்த சத்திரசிகிச்சையின் விளைவாக இடுப்புக்குக் கீழே செயலிழந்து கட்டிலில் கிடந்தார். அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் கதை எழுதத் தொடங்கினார். பிறகு மெல்ல மெல்ல நடக்கப் பழகினார். ‘பின்டி’ அவருக்கு ஹியூகோ, நெபியூலா என்ற இரண்டு பெரிய விருதுகளையும் பெற்றுத் தந்தது.

மலையகத்தை வைத்து இப்படி ஒரு விஞ்ஞானக் கதை எழுத முடியுமா? எதிலிருந்து தொடங்குவது?
— கல்லூரி மாணவன், பதுளை

முடியும் தம்பி. அதற்காக நமீபியாவின் செம்மண்ணைக் கடன்வாங்காதே. ஒகோராஃபோரின் கதையை ஊர்ப்பெயர் மாற்றி எழுதினால் அது இரண்டு பக்கத்தில் இளைத்துவிடும்.

உனக்கு ஒரு வருடம் தருகிறேன்: 2067. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டது 1867. இருநூறு வருடம் ஆகும் அந்த நாளில் மலையில் யார் இருப்பார்கள்? வேலைக்கு ஆள் கூடும் விடிகாலைப் பெரட்டில் பெயர் கூப்பிடுவது யார், அல்லது எது? கொழுந்தை இயந்திரம் பறித்தால் அன்றைய பேர் (நாள்கூலி) யார் கணக்கில் விழும்? கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கழிவு பிடிக்கும் தராசு ஒருநாள் உண்மையான எடையை வாய்விட்டுச் சொல்லத் தொடங்கினால் தோட்டத்தில் என்ன நடக்கும்? அரைப்பேர் விழுந்த பெண்ணின் முகத்தைப் பார்த்தவன் நீ. அந்த முகத்திலிருந்து தொடங்கு.

பின்டி பதற்றமான நேரங்களில் மனத்துக்குள் ஒரு சமன்பாட்டை எடுத்து, அதைக் கிளை கிளையாகப் பிரித்துக்கொண்டே போய் அமைதியடைவாள். கணிதம் அவளுக்கு மூச்சு. நம் மலையில் அப்படி ஓர் அறிவு என்ன இருக்கிறது? மண்ணின் நிறத்தையும் ஊற்று கலங்குவதையும் பார்த்து மலை அசையப் போகிறது என்று சொல்லும் கிழவர்கள் இருக்கிறார்கள். 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்தக் கிழவர்களின் அறிவையும் மழைமானியையும் நில அசைவை அளக்கும் கருவியையும் ஒன்றாகக் கையாளத் தெரிந்த ஒரு பேத்தி உன் கதாநாயகியாக இருக்கட்டும். அவளுடைய எச்சரிக்கையை யார் கேட்கிறார்கள், யார் கேட்கவில்லை? அதில் ஒரு நாவலே இருக்கிறது. எழுதினால் எனக்கு அனுப்பு. கையெழுத்துப் பிரதியாக இருந்தாலும் வாசிப்பேன்.

எத்தனை வயதுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம்? மூன்று பாகத்தையும் வாங்க வேண்டுமா?
— நூலகர், கொட்டகலை

14 வயதுக்கு மேல். தொடக்கத்திலேயே வரும் கொலைக் காட்சி கடுமையானது. அதற்கும் கீழே உள்ள பிள்ளைகள் என்றால் யாராவது பெரியவர்கள் கூட இருந்து வாசிக்கட்டும். ஆங்கிலம் எளிமையானது, வாக்கியங்கள் சிறியவை; சாதாரணதரப் பிள்ளை அகராதியோடு சமாளித்துவிடும். மூன்றையும் வாங்குங்கள். இரண்டாவது 2017, மூன்றாவது 2018. பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் முதல் பாகத்தில் இரண்டு பிரதி வாங்குங்கள். ஒன்று இரவல் போனால் திரும்பி வர நாளாகும்.